ஐயம் எழுந்தால்

கார் ஓட்டத் தெரிந்த குருக்கள் பலர் உண்டு. காரின் குணம் அறிந்தவர் சிலரே. நாம் முதல் வகையைச் சேர்ந்தவர். சாவியைத் திருப்பினால் வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் யாரையேனும் அழைக்க வேண்டும். இதற்குமேல் அந்தச் சாஸ்திரத்தில் நமக்குப் பயிற்சி இல்லை. குருமடத்தில் நமக்குக் கற்பித்தவர்கள் அருளைப் பற்றியும் அருட்சாதனங்களைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் கற்பித்தார்கள்; பாட்டரியைப் பற்றி ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. அந்தக் குறை 2025 ஜனவரி 9-ஆம் நாள் இரவு நமக்கு நன்றாகத் தெரிந்தது.

இரவு 10.35 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்திலிருந்து ஒரு பெண் பேசினாள். முன்பு நம் பங்கில், கோயிலுக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்து, பின்னர் வாடகை கட்டுப்படியாகாமல் ஆற்றுக்கு அக்கரை சென்ற குடும்பத்தவள். “சாமி, அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. உங்களைத்தான் கேட்கிறாரு” என்றாள். முன்னோர் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று அச்சத்தோடு அழைத்த அருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நாம் ‘நோயில் பூசுதல்’ என்கிறோம். பெயர் மாறினாலும், நம் மக்களில் பெரும்பாலோர் கடைசி மூச்சு வரை காத்திருந்தே அழைக்கும் வழக்கம் மாறவில்லை. எண்ணெய்ச் சிமிழையும் தோள்துகிலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

கார் நின்ற இடத்தில் அப்படியே நின்றது. அசையாமல் நின்று இருபது நாளாகியிருந்தது. டிசம்பர் 20 அன்று கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டும்போது ஏணிப்படி தவறி நம் கணுக்கால் பிசகிற்று. விழாத் திருப்பலியைக்கூட உட்கார்ந்தே நிறைவேற்றினோம். கட்டு அவிழ்த்து இரண்டே நாள் ஆகியிருந்தது. ரிமோட்டின் பொத்தானை அழுத்தினோம். வழக்கமான ‘கீச்’ ஒலி எழவில்லை. சாவியைக் கதவில் நுழைத்துத் திறந்து, உள்ளே அமர்ந்து திருப்பினோம். ‘டிக்’ என்று ஓர் ஒலி. பிறகு அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் சிறிய சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவர். கோயில்பிள்ளை போய் எழுப்பியதும் லுங்கியோடு ஓடி வந்தார். செய்தியைக் கேட்டவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, “என் வண்டியிலேயே போயிடலாம், ஏறுங்க சாமி” என்பதுதான். நாம் ஏறவில்லை. காலைக் காரணம் காட்டினோம்; அவ்வளவு உயரம் ஏறுவது சிரமம் என்றோம். உண்மைக் காரணம் வேறு. வெங்காய மூட்டையின் வாடை வீசும் அந்த வண்டியில், வெள்ளை அங்கியோடு, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின் நடுவே போய் இறங்குவதை மனம் விரும்பவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றோ, “முதலில் காரைக் கிளப்பிப் பார்ப்போமே” என்று சொல்லிவிட்டோம்.

அவர் கேபிள்களைக் கொண்டுவந்தார். இணைக்கும் முறையை அன்றுதான் கவனித்துப் பார்த்தோம். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை நம் பாட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையைத் தம் பாட்டரியின் நேர்முனையிலும் மாட்டினார். கறுப்புக் கேபிளைத் தம் பாட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் கடைசி முனையை மட்டும் நம் பாட்டரிக்குக் கொண்டுவராமல், எஞ்சினின் வெற்று இரும்பில் கடித்துப் பிடிக்க வைத்தார். ஏன் என்று கேட்டோம். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி தெறிக்கும். பாட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு அருகில் இருந்தால் வெடிக்கும் என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர்.

அந்தக் கடைசி முனை இரும்பைத் தொட்ட கணத்தில் அலாரம் அலறத் தொடங்கிற்று. அதை ஒலி என்று சொல்வது போதாது. விளக்குகள் நான்கும் மின்னி மின்னி அணைய, கோயில் வளாகம் முழுவதும் கேட்கும்படி வண்டி ஓலமிட்டது. ரிமோட்டை அழுத்தினோம், பயனில்லை. கதவைச் சாவியால் பூட்டித் திறந்தோம், பயனில்லை. கன்னியர் இல்லத்தில் விளக்கு எரிந்தது. எதிர் வீட்டு மாடியில் இருவர் எட்டிப் பார்த்தனர். பங்குத்தந்தையின் வண்டியைப் பங்குத்தந்தையே திருடுவதாக அது ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி ஒரு சிறு பொத்தானை இளைஞர் கண்டுபிடித்தார். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து அதை அழுத்தியதும் ஓலம் நின்றது. நமக்கு உயிர் வந்தது. சாவியைத் திருப்பினோம், எஞ்சின் சுழன்றது, உறுமியது, இரண்டு நொடியில் நின்றுவிட்டது. மீண்டும் திருப்பினோம், மீண்டும் இரண்டே நொடி. முகப்புப் பலகையில் சாவி வடிவச் சிவப்பு விளக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது முறையோ பத்து முறையோ முயன்றோம். கோபுரக் கடிகாரம் 11.25 காட்டியபோதுதான், தலைகுனிந்து அந்தச் சரக்கு வண்டியில் ஏறினோம். ஏறுவதற்குச் சிரமமாகவே இல்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டியதுமே கூட்டம். 1976-ல் எழுந்த காவிரிப் பாலத்தின் மீது, குழந்தைகளைத் தோளில் சுமந்தவரும் பையைத் தலையில் வைத்தவருமாக, மக்கள் வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தனர். விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும். ஆண்டுக்கொருமுறை வரும் அந்தத் திறப்புக்காக இரவெல்லாம் விழித்திருக்கச் செல்லும் மக்கள் அவர்கள். தூரத்தில் இராஜகோபுரத்தின் பதின்மூன்று நிலைகளும் விளக்கொளியில் நின்றன. மாம்பழச்சாலையில் தடுப்புகளை வைத்து, காவலர்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தனர். ஓர் இளம் காவலர் டார்ச்சை நம் முகத்தில் அடித்தார். அங்கியைப் பார்த்தார், மடியிலிருந்த சிமிழைப் பார்த்தார். “யாருக்காவது முடியலையா ஃபாதர்?” என்று மட்டும் கேட்டுத் தடுப்பை நகர்த்தினார். அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. நாம் பொய்யராயிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு வண்டி கூடுதலாக நுழைந்திருக்கும். மெய்யராயிருந்தால் ஒருவருக்கு உதவி கிட்டும். இந்தக் கணக்கை அவர் ஒரு நொடியில் போட்டிருக்க வேண்டும்.

வீட்டை அடைந்தபோது மணி 12.05. வாசலில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. உள்ளே அழுகை தொடங்கியிருந்தது. கால்மணி நேரத்துக்கு முன் மூச்சு அடங்கிவிட்டதாக மகள் சொன்னாள். கட்டிலருகே அமர்ந்து அவர் கையைத் தொட்டோம், சூடு இருந்தது.

இந்த இடத்தில் குருமடப் பாடம் ஒன்று உதவிற்று. அருட்சாதனங்கள் உயிரோடிருப்போர்க்கு உரியவை; இறந்தவருக்குப் பூசுதல் இல்லை, செபமே உண்டு. ஆனால் இறந்துவிட்டாரா இல்லையா என்று ஐயம் இருந்தால்? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1005-ஆம் எண் இதற்கு நேராகவே விடை தருகிறது. நோயாளி புத்தி விவரம் அடைந்தவரா, ஆபத்தான நோயில் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்னும் ஐயங்களில், அருட்சாதனம் வழங்கப்பட வேண்டும் என்பதே சட்டம். ‘வழங்கலாம்’ என்று அங்கே இல்லை. பழைய ஒழுக்கவியல் நூலாசிரியர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள்: மூச்சு நின்றதும் உயிர் பிரிந்துவிட்டதென்று துணிய வேண்டாம், நீண்ட நோயில் கிடந்தவருக்கு அரைமணி நேரமும், திடீரென வீழ்ந்தவருக்கு அதைவிட மிகுதியாகவும் இடம் விடுங்கள் என்றார்கள். மாணவப் பருவத்தில் இதைக் கேட்டு நாமும் நண்பர்களும் சிரித்திருக்கிறோம். உயிர் போகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்த பெரியோர் என்று கேலி பேசினோம். அன்றிரவு சிரிப்பு வரவில்லை. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினோம். சுற்றி நின்றவர்கள், அவர் கேட்டது கிடைத்துவிட்டதென்று ஆறுதலோடு சிலுவை வரைந்துகொண்டனர். அவர்கள் பார்வையில் நாம் நேரத்திற்கு வந்துவிட்டோம். கோபுரக் கடிகாரம் காட்டிய அந்த நாற்பது நிமிடங்களை நாமும் சரக்கு வண்டி இளைஞரும் மட்டுமே அறிவோம். அவர் அதைப் பற்றி இன்றளவும் ஒரு சொல் சொன்னதில்லை.

புறப்படும்போது மகள் வாசல் வரை வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “அப்பா அடிக்கடி கேட்டுக்கிட்டே இருந்தாரு சாமி, பேப்பர் கெடச்சிருச்சான்னு” என்றாள். குறை சொல்லும் குரலாக அது இல்லை. ஆகையால்தான் அது நம்மை விடாமல் தொடர்ந்தது. ஓராண்டுக்கு முன் இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு அவள் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தாள். கணவர் வேற்றுச் சமயத்தவர். திருமணம் கோயிலில் நடக்கவில்லை. குடியிருப்பதோ வேறு பங்கின் எல்லையில். அந்தப் பங்கிலிருந்து கடிதம், திருமணப் பதிவுச் சான்று, ஞானப்பெற்றோரின் திருமுழுக்குச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம். அவள் அதை மடித்து வாங்கிக்கொண்டு போனாள். மீண்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாமும் விசாரிக்கவில்லை.

மறுநாள் முற்பகலில் பாலக்கரையிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். கார்களின் மின்வேலையில் தேர்ந்த கை. மீட்டரை வைத்துப் பார்த்தார். முழுச் சக்தியோடு இருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். நம்முடையது 9-க்கும் கீழே கிடந்தது. “எத்தனை நாள் நின்னுது ஃபாதர்?” என்று கேட்டார். இருபது நாள் என்றோம். பூட்டி நிறுத்திய காரில் எல்லாம் உறங்கிவிடுவதில்லை. அலாரம், கதவுப் பூட்டு, கடிகாரம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த அளவு இயல்பானதுதான். நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி. இருபது நாளில் 24. நம் பாட்டரியின் கொள்ளளவு புதிதாயிருந்தபோது 35. ஐந்தாண்டுப் பழசானபின் அதில் எவ்வளவு தேறும்? ஆக, வண்டியைத் திருடனிடமிருந்து காக்க விழித்திருந்த அலாரமும் சேர்ந்தே வண்டியின் சக்தியைத் தின்று தீர்த்திருக்கிறது. வேலி பயிரை மேய்ந்த கதை.

அது ஏன் அலறிற்று என்பதையும் சொன்னார். அலாரத்தை முடக்க நினைக்கும் திருடன் பாட்டரி இணைப்பை அறுத்துவிட்டு மீண்டும் இணைப்பான். ஆகவே மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், போகும்போது இருந்த காவல் நிலையிலேயே அது விழித்தெழும், விழித்ததும் கூவும். ரிமோட்டுக்குள் இருந்த நாணய வடிவப் பாட்டரியும் தளர்ந்திருந்தது. அதை மாற்றியதும் ரிமோட் பேசத் தொடங்கிற்று. இதெல்லாம் வெளிக்கடையில் வாங்கிப் பூட்டிய அலாரத்தின் சங்கதி. எஞ்சினை இரண்டு நொடியில் நிறுத்தியது வேறொன்று: காரோடு பிறந்த இம்மொபிலைசர்.

அதன் வேலைமுறையைக் கேட்டபோது நாம் வியந்தோம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியளவு சிப் ஒன்று இருக்கிறது. அதற்குப் பாட்டரி இல்லை. சாவி நுழையும் துளையைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. சாவி திரும்பும்போது அச்சுருள் காந்தப்புலத்தால் சிப்புக்குச் சிறிது சக்தி ஊட்டி ஒரு கேள்வி கேட்கும். சிப் விடை சொல்லும். விடை சரியானால் எஞ்சினுக்கு எரிபொருள் தொடர்ந்து வரும், இல்லையேல் நின்றுவிடும். உலோகப் பல் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் கணக்கில்லை. மேய்ப்பனின் குரலை ஆடுகள் அறியும் என்ற நற்செய்தி உருவகம் நம் நினைவுக்கு வந்தது.

நம் சாவியின் குரல் ஏன் கேட்கவில்லை? அவர் நம் கையிலிருந்த வளையத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். திருப்பண்ட அறைச் சாவி, உண்டியல் சாவி, அலுவலக அலமாரிச் சாவி, அவற்றோடு பள்ளி வேனின் மாற்றுச்சாவி. கால் பிசகிப் படுத்திருந்த நாளில், அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற ஓட்டுநர் ஒப்படைத்ததை நாமே அதில் கோத்திருந்தோம். அதன் தலையிலும் ஒரு சிப் உண்டு. கார் கேள்வி கேட்டபோது இரண்டு சாவிகளும் ஒரே நேரத்தில் விடை சொல்லியிருக்கின்றன. போதாக்குறைக்கு மின்னழுத்தமும் தளர்ந்திருந்தது. கார்ச் சாவியை மட்டும் பிரித்தெடுத்தார். டெர்மினல்களில் பூத்திருந்த உப்பைச் சுடுநீரும் சமையல் சோடாவும் விட்டுத் துடைத்து, புதிய பாட்டரியை வைத்து, சாவியை ‘ஆன்’ நிலையில் சிறிது நேரம் விட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது. திருப்பினார், வண்டி ஓடியது. ஓடும்போது மீட்டர் 14.1 காட்டியது, ஆல்டர்னேட்டரும் நலம்.

“அப்படியானால் நேற்று ஒன்றும் பழுதாகவில்லையா?” என்று கேட்டோம்.

“இல்லை ஃபாதர். அதுக்குச் சந்தேகம் வந்துச்சு, நிறுத்திடுச்சு. சந்தேகம் வந்தா நிறுத்தணும்னுதான் செஞ்சிருக்காங்க.”

அவர் போனபின் நெடுநேரம் அலுவலகத்தில் அமர்ந்திருந்தோம். ஐயம் எழுந்தால் மறுத்துவிடு என்பது வண்டியின் சட்டம். ஐயம் எழுந்தால் கொடுத்துவிடு என்பது 1005-ஆம் எண். ஒரே இரவில் இரண்டின் நடுவிலும் நாம் நின்றிருந்தோம். ஓராண்டுக்கு முன் அந்தப் பெண் மேசைக்கு எதிரே நின்றபோது நம்மிடம் இயங்கிய சட்டம் எது?

வண்டியின் சட்டத்தைப் பழிப்பதற்கில்லை. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1998-ல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் இதை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், அக்கருவியால் கார்த் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென மதிப்பிட்டனர். திருச்சபையின் காகிதங்களும் வீணுக்குப் பிறந்தவை அல்ல. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதியும்படி திரெந்து சங்கம் 1563-ல் ஆணையிட்டது, ஊருக்கு ஒரு மனைவி என்று வாழ்ந்தவர்களால் பெண்கள் பட்ட துயரைக் கண்டுதான். நாமே ஒருமுறை, பழைய ஏட்டின் ஓரக்குறிப்பு ஒன்றால், ஏற்கெனவே மணமான ஒருவரைத் திருமண ஓலை வாசிக்கும் கட்டத்தில் தடுத்திருக்கிறோம். அந்த மணப்பெண்ணின் தாய் நம் கையைப் பற்றிக்கொண்டு அழுததை மறக்க முடியாது. எனவே ஏடுகளைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. குழந்தையின் திருமுழுக்கு பற்றிய 868-ஆம் எண்ணும், அது கத்தோலிக்க நெறியில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடம் வேண்டும் என்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று நாம் அந்தப் பெண்ணிடம் கேட்டோமா? தாத்தா வீட்டில் மாலைதோறும் செபமாலை சொல்வாரா என்று விசாரித்தோமா? இல்லை. கடிதம் இருக்கிறதா என்றே கேட்டோம். நம் வளையத்திலும் பல சாவிகள் சேர்ந்துவிட்டன போலும்.

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனை மீண்டும் அழைத்து, வெளிக்கடை அலாரத்தைக் கழற்றிவிடச் சொன்னோம். சாவிக்குள் இருக்கும் காவல் போதும். வேனின் சாவி இப்போது தனி ஆணியில் தொங்குகிறது. இவற்றை முடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் புறப்பட்டோம். காரிலேதான் போயிருக்கலாம், சரக்கு வண்டி இளைஞர் அக்கரையில் சுமை இறக்கப் போவதாகச் சொன்னதால் அவரோடு போனோம். இன்னும் வெங்காய வாடைதான்.

பெரியவரின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. கணவரும் வீட்டில் இருந்தார்; எழுந்து நின்று கைகூப்பி, நமக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது. நாம் எதற்கு வந்தோம் என்பது அவளுக்குப் புரியவில்லை. சற்று நேரம் தயங்கி நின்றவள், அலமாரியைத் திறந்து, நம் கையெழுத்திலிருந்த அந்தத் தாளை எடுத்து வந்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது.

“இன்னும் ஒண்ணுதான் கெடச்சிருக்கு சாமி” என்றாள்.

தாளை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருக்கிறார்கள் என்று கேட்டோம். விடை சொன்னவர் கணவர். தாத்தாவின் பெயர்.